வலது மூக்குத் திருகாணி

மூக்குல கைய வைக்காத தாயி. வைக்காதங்கிறேன்ல. பஸ் ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டு வாரேன், பந்தல்குடி வர்றதுக்குள்ள எத்தனை தடவை அதைத் திருகிட்ட! சிவந்து போய்க் கெடக்கு பாரு. புதுசா குத்துனதா? எப்ப? போன வாரமா! போன வாரம் குத்துன மூக்கை இந்தத் திருகு திருகுனா அது எப்படி ஆறும்? பஸ் கம்பியப் புடிச்ச கை, டிக்கெட் வாங்குன கை, அதே கையால புண்ணைத் தொடுற. கழுத்துல அட்டை தொங்குது, ஆபீசுக்குப் போற புள்ள. உனக்கு நான் சொல்லணுமா?

கோவிச்சுக்காத. என் கொணம் அப்படி. கண்ணுல பட்டதைச் சொல்லாம இருக்க மாட்டேன். என் மகனே சொல்லுவான், 'ஒன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தாரேம்மா'ன்னு. வாங்கித் தரட்டும். மூக்கு விசயத்துல மட்டும் நான் வாயை மூட மாட்டேன். பட்டவ நான்.

கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காரு, இவ காலு ஒன் மேல படுது. தூங்குறா. என் பேத்தி. வர்ஷிகான்னு பேரு, அவுக அம்மா வச்சது. என் வாயில நுழையாது, நான் பாப்பான்னுதான் கூப்புடுவேன். வர்ற ஆடிக்கு மூணு வயசு முடியுது. இவளைக் கொண்டுபோய் விடத்தான் போறேன். எட்டயபுரம் தாண்டி மேலப்புதூர் விலக்குன்னு ஒண்ணு வரும், ஊருக்கு ரோடு பிரியுற எடம். அங்க இவுக அம்மா வந்து நிப்பா. புள்ளையைக் குடுத்துட்டு நான் அடுத்த பஸ்ஸுல திரும்பிரணும். மகன் போன்ல சொல்லிட்டான், 'நீயா கொண்டாந்து விட்டா மரியாதை, இல்லன்னா நான் வந்து தூக்கிட்டுப் போவேன்'னு. பெத்த மகன் சொல்றான். பால்குடி மறக்காத புள்ளையா இருந்தப்ப இருந்து இவளை என் நெஞ்சுல போட்டு வளத்தவ நான்.

சரி, அதை விடு. ஒன் மூக்குக்கு வருவோம். எதை வச்சுக் குத்துனாக? துப்பாக்கி மாதிரி ஒண்ணு வச்சு அமுக்குனாகளா? அந்தத் துப்பாக்கியக் கழுவுனாகளா? ஊசி புதுசான்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. ஒங்களுக்கெல்லாம் செல்போன்ல போட்டோ வந்தாப் போதும். இந்தா, நல்லாக் கேட்டுக்க. தண்ணியக் காய்ச்சி உப்புப் போட்டு ஆற வச்சு, சுத்தமான பஞ்சுல முக்கித் தொடை. அதுக்கு முன்னாடி கையச் சோப்புப் போட்டுக் கழுவு. மஞ்சளை அரைச்சு அப்பாத. எண்ணெயத் தடவாத. சீழ் வச்சாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, மூக்குத்தண்டு வீங்குனாலோ யாரு சொல்றதையும் கேக்காத, நேரா டாக்டர்ட்ட போயிரு. திருகாணி லூசா இருந்தா அன்னைக்கே மாத்திரு, அதோட படுக்காத. இதெல்லாம் எனக்கா தெரியும்? திருநெல்வேலி ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் புள்ள என்னைய பெஞ்சுல உக்கார வச்சுப் பாடம் எடுத்துச்சு. எல்லாம் முடிஞ்ச பொறவு எடுத்துச்சு.

என்ன முடிஞ்சுச்சுன்னா கேக்குற? என் மருமக மூக்குத்தித் திருகாணி ஒரு வருசத்துக்கு மேல அவ நுரையீரலுக்குள்ள கெடந்துச்சு தாயி. சிரிக்காத. சத்தியமா சொல்றேன். மூக்குல போட்ட திருகாணி மூச்சோட மூச்சா உள்ள போயி, வலது பக்கம் அடியில ஒக்காந்துக்கிச்சு. எங்க வீட்டுல யாருக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா நான் இப்படிப் புள்ளையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல வருவேனா?

நாகஜோதின்னு பேரு அவளுக்கு. நல்ல புள்ளதான், இல்லங்கல. என் மகன் சீனிராஜ் தீப்பெட்டி ஆபீசுல மேஸ்திரியா இருந்தான், நல்ல எடம்னு வந்துச்சு, போய்ப் பாத்தோம். எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஒரே ஒரு கொறை, மூக்கு மொட்டையா இருந்துச்சு. காலேசு படிச்ச புள்ளைக, இப்ப யாரு மூக்கு குத்துறாக? ஆனா எங்க வீட்டுல ஒரு வழக்கம் இருக்கு. கட்டிக்கிட்டு வர்ற மருமக வலது மூக்குல எங்க வீட்டு ஏழுகல் மூக்குத்தியப் போட்டுத்தான் மணவறையில உக்காரணும். எங்க மாமியாளுக்கு அவுக மாமியா போட்டது. எனக்கு எங்க மாமியா போட்டாக. என் வீட்டுக்காரர் போனப்ப என் மூக்குல இருந்து கழட்டி டப்பாவுல வச்சது. இந்தா பாரு, என் மூக்குல ஓட்டை இன்னும் தூந்து போகல.

பூ வைக்கப் போன அன்னைக்கு அதை எடுத்துச் சொன்னேன். அந்தப் புள்ள மெதுவா எங்கிட்ட வந்து, 'அத்தே, எனக்குப் பயமா இருக்கு. காது குத்துன எடமே எனக்குத் தடிச்சுப் போயி ரொம்ப நாள் கஷ்டப்பட்டேன்'னு காதைக் காட்டுச்சு. பின்னாடி ஒரு சின்ன உருண்டை மாதிரி சதை இருந்துச்சு. அதுக்கு நான் என்ன சொன்னேன்? மூக்கு குத்தலைன்னா என் வீட்டுப் படி ஏறாதன்னு சொன்னேனா? அப்படிச் சொல்ற ஆளு நான் இல்ல. 'குத்திக்கிட்டு வா தாயி'ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். சிரிச்சுக்கிட்டுச் சொன்னா அது கட்டாயமா? ஆனா என் மகன் அதைக் கட்டாயம்ங்கிறான் இப்ப.

கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் கூட இல்ல. ஆசாரிய வரச் சொல்லித் தங்கக் கம்பியால குத்திவிட்டோம். ஆசாரி படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, 'கம்பி கெடக்கட்டும், புண்ணு நல்லா ஆறுன பொறவு மூக்குத்தி மாத்துங்க'ன்னு. ஆறுற வரைக்கும் முகூர்த்தம் காத்திருக்குமா? பத்திரிகை அடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு. மூக்குத்தி இல்லாம உக்கார வச்சா சொந்தக்காரக வாய மூட முடியுமா? கல்யாணத்தன்னைக்குக் காலையில நானே என் கையால மாத்திவிட்டேன். எங்க மூக்குத்தி பழைய காலத்துது, தண்டு தடியா இருக்கும். கொஞ்சம் அமுக்கித்தான் ஏத்த வேண்டியதாப் போச்சு. ரத்தம் ஒரு சொட்டு பட்டுல விழுந்துச்சு. அரக்குப் பட்டு, ஒண்ணும் தெரியல. போட்டோவுல எல்லாம் கண்ணு ரெண்டும் கலங்கி இருக்கும். அப்பா அம்மாவப் பிரியுற வருத்தம்னு எல்லாரும் சொன்னாக.

அப்பறம் வீங்குச்சு. வீங்கத்தான செய்யும்? சீழ் வச்சுச்சு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொழச்சு வச்சேன். அவ ஒரு நாள் கண்ணாடிக்கு முன்னாடி நின்னு கழட்டப் போனா. பதறிப்போயி கையத் தட்டிவிட்டேன். புதுப்பொண்ணு மூக்கு மூளியா இருக்கலாமா? அதோட ரெண்டு நாள் கழட்டி வச்சா ஓட்டை தூந்துரும், மறுபடி குத்தணும். 'டாக்டர்ட்டப் போயிட்டு வரவா அத்தே'ன்னா. மூக்கு குத்துனதுக்கெல்லாம் டாக்டரான்னு கேட்டேன். நான் குத்துனப்ப எந்த டாக்டர் வந்தாரு? உன்னைய மட்டும் ஏன் போகச் சொல்றேன்னு நெனைக்கிறியா? இப்ப காலம் மாறிப் போச்சுத்தா. இப்ப உள்ள ஒடம்பு வேற.

வீக்கம் வத்துனப்ப உள்பக்கம் சதை ஒண்ணு மொளச்சிருந்துச்சு, பட்டாணி மாதிரி. அந்தச் சதைக்கு மேல திருகாணி ஒழுங்கா ஒக்காராது. ஒரு மறை ரெண்டு மறைதான் ஏறும். தெனம் காலையில நான்தான் முறுக்கி விடுவேன். ஒரு நாளு தவற மாட்டேன். எந்த மாமியா செய்வா சொல்லு? கல்யாணம் ஆன ஒரு வருசத்துல பாப்பா பொறந்துச்சு. அம்மா வீட்டுல பெத்து, மூணாம் மாசம் தூக்கிக்கிட்டு வந்தா. அந்த வீட்டுல இருந்தப்ப யாரு முறுக்கிவிட்டாகளோ.

வந்து ஒரு மாசம் இருக்கும். காலையில நான் வாசல் தெளிச்சுக்கிட்டு இருக்கேன், அவ மூக்கைப் புடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறா. கையில மூக்குத்தி இருக்கு, திருகாணியக் காணோம். பாய உதறுனேன், தலகாணி உறையக் கழட்டுனேன், வீட்டைக் கூட்டி அந்தக் குப்பைய மொறத்துல போட்டுப் பொடைச்சேன். பாப்பா துணிய ஒண்ணொண்ணா உதறுனேன். இல்ல. அவ சொல்றா, 'அத்தே, விடியக்காலம் தூக்கத்துல மூக்குக்குள்ள என்னமோ போன மாதிரி இருந்துச்சு. பொரையேறிப் பொரையேறி இருமுனேன். நெஞ்சுக்குள்ள இன்னும் குத்துது'ன்னு. சொன்னா, இல்லங்கல. ஆனா அதை யாராச்சும் நம்புவாகளா? மூக்குக்குள்ள போனா தும்முனா வந்துரும். தொண்டைக்குள்ள போனா வயித்துக்குப் போயி மறுநாளு வெளிய வந்துரும். அதையும் பாக்கச் சொன்னேன். பாத்தா. இல்லைன்னா.

நான் அவளைத் திருடின்னு சொல்லவே இல்ல. ஊரெல்லாம் இப்ப அப்படிப் பேசுறாக. 'ஒங்கம்மா வீட்டுக்குப் போனப்ப பத்திரமாத்தான இருந்துச்சு, இங்க வந்ததும் எப்படிக் காணாமப் போகும்'னு ஒரு வார்த்தை கேட்டேன். கேக்க மாட்டாகளா? நாலு தலைமுறைப் பொருளு. அன்னைல இருந்து அவ மூக்குத்தியே போடல. அன்னைக்குப் புடிச்ச இருமல்தான், விடவே இல்ல.

ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன் இரு.

இருமல்னா அப்படி ஒரு இருமல். பாலு குடுக்கும்போது இருமுனா புள்ள தூக்கிப் போடும். மாத்திரை வாங்கிக் குடுத்தான் மகன். ஆடாதோடைக் கசாயம் வச்சுக் குடுத்தேன். கொஞ்சம் நிக்கும், மறுபடி காய்ச்சலோட வரும். சளியில ரத்தம் கோடு கோடா வந்துச்சு. டவுன்ல ஒரு டாக்டர்ட்டக் கூட்டிக்கிட்டுப் போனோம். நானும் உள்ள போனேன், அந்தப் புள்ளைக்கு நாலு பேருக்கு முன்னாடி பேச வராது. அவ, 'டாக்டர், ஒரு நாளு என் மூக்குத்தியோட…'ன்னு ஆரம்பிச்சா. வெளிய அம்புட்டுக் கூட்டம் காத்துக் கெடக்கு. 'அதையெல்லாம் இங்க எதுக்குப் பேசுற, ஒடம்பைப் பத்திச் சொல்லு'ன்னு சொன்னேன். குடும்ப விசயத்தை டாக்டர்ட்டயா பேசுறது?

நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாரு. எக்ஸ்ரே எடுக்குற எடத்துல ஒரு பையன், 'கழுத்துல இருக்கிறதை எல்லாம் கழட்டிருங்க'ன்னான். சங்கிலிய, பாசியக் கழட்டுனா. 'தாலியும்'னான். அவ கைய கழுத்துக்குக் கொண்டு போயிட்டா தாயி! நான் புடிச்சுக்கிட்டேன். விடுவேனா? ஒனக்குத் தெரியாது. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேசன் பண்ணப்ப இப்படித்தான் ஒரு நர்ஸு தாலியக் கழட்டி என் வீட்டுக்காரர் கையில குடுத்துச்சு. அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னாரு மனுசன். நான் எந்திரிச்சு நடமாடுறதுக்குள்ள அவரு படுத்துட்டாரு. அந்த மாசமே போயிட்டாரு. மாரடைப்புன்னு எழுதிக் குடுத்தாக. எழுதட்டும். எனக்குத் தெரியும் எதனாலன்னு. எனக்கு இருக்கிறது ஒரே மகன். அவன் பொண்டாட்டி கழுத்துல தாலிய எறக்க நான் எப்படிச் சம்மதிப்பேன்?

அந்தப் பையன் சொல்லிப் பாத்தான். நான் போட்ட சத்தத்துல, 'சரிம்மா, பின்பக்கமாத் தள்ளி விட்டுக்கங்க'ன்னான். தாலிக்கயித்தை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு எடுத்தாக. அந்தக் கயித்துல நம்ம பொம்பளைக மாட்டி வைக்கிற ஊக்குக ஒரு கொத்து, தாலி, குண்டு, காசு எல்லாம் கெடக்கு. படம் வந்துச்சு. நடு நெஞ்சுல இருந்து வலது பக்கமாச் சரிஞ்சு அது எல்லாம் வெள்ளை வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. டாக்டர் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, 'என்னம்மா, நகைக்கடையையே மாட்டிக்கிட்டு எடுத்திருக்கீக'ன்னு சிரிச்சாரு. வலது பக்கம் கீழ பஞ்சு மாதிரி படர்ந்திருக்கு, டிபியா இருக்கும்னு மாத்திரை எழுதுனாரு. சளியில கிருமி இல்லைன்னு வந்துச்சு. இருந்தாலும் ஆரம்பிச்சுருவோம்னாரு. படிச்சவுக சொன்னா நம்ம கேக்கணும்ல?

டிபின்னு கேட்டதும் எனக்கு ஒரே நெனப்பு இவ மேலதான். கைப்புள்ள. ஒட்டிக்கிட்டா என்ன செய்யுறது? அன்னைக்கே பாலை நிப்பாட்டிட்டேன். புள்ளைய எங்கூட படுக்க வச்சுக்கிட்டேன். பக்கத்து அறையில நெஞ்சுல பாலு கட்டிக்கிட்டு அவ அழுகுறா, இங்க இவ அழுகுறா. ரெண்டு அழுகையும் கேட்டுக்கிட்டு நான் உக்காந்திருந்தேன். நான் என்ன கல்லா? அவளுக்குன்னு தட்டு, தம்ளரு, போர்வை எல்லாம் தனியாக் குடுத்தேன். அந்தத் தட்டை நானே கழுவ மாட்டேனா, கழுவுவேன், ஆனா இவளையும் தூக்கணுமே. அதனால அவளையே கழுவிக்கச் சொன்னேன். அப்பறம் ஒரு நாளு அவுக அம்மா வந்து பாத்துட்டு, அவளை மேலப்புதூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாக. புள்ளையத் தூக்க வந்தாக. நான் குடுக்கல. நோய்க்காரிக்கிட்ட எப்படி விடுறது? நோய் சரியானதும் வரட்டும்னேன். அவ வாசல்ல இருந்து இவளைப் பாத்துக்கிட்டே நின்னா. போயிட்டு வாரேன்னு கூடச் சொல்லல.

போனவ போனவதான். மாத்திரைய முழுசா முழுங்கி முடிச்சா, இருமல் நிக்கல. இவ தவழ்ந்தா, நடந்தா, பேசுனா. என்னையத்தான் அம்மான்னு கூப்புட்டா. நான் சொல்லிக் குடுக்கல தாயி. அதுவா வந்துச்சு. நான் திருத்தல, அம்புட்டுத்தான். செல்போன்ல அவ மூஞ்சியக் காட்டி அம்மா பாருன்னு என் மகன் சொல்லுவான். இவ அந்தப் போனைத் தட்டிவிட்டுட்டு எங்கிட்ட ஓடி வந்துருவா.

பொறவு ஒரு நாளு அவ வாயி நெறைய ரத்தம் கக்கிட்டா. திருநெல்வேலிக்குத் தூக்கிக்கிட்டு ஓடிருக்காக. அங்க ஒரு நர்ஸு, அந்தப் பாடம் எடுத்த புள்ளைதான், தாலி முதக்கொண்டு எல்லாத்தையும் கழட்டி வாங்கி வச்சுட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பிருச்சு. அவுக அம்மாவே கழட்டிக் குடுத்தாகளாம். படத்துல தனியாத் தெரிஞ்சுச்சாம் திருகாணி. மறை கூடத் தெரிஞ்சுச்சுன்னு மகன் சொன்னான். பழைய படம் இருக்கான்னு கேட்டிருக்காக. அவன் வந்து பீரோவுல இருந்து எடுத்துக்கிட்டுப் போனான். அந்த ஊக்குக் கொத்துக்கு நடுவுல, ஊக்கு இல்லாத ஒண்ணு, அதே எடத்துல, மொதல்லயே இருந்திருக்கு.

அந்த டவுன் டாக்டரும் எக்ஸ்ரேக்காரப் பையனும் கண்ணை எங்க வச்சிருந்தாக? ஊக்குக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் தெரியாம என்ன படிப்பு? நான் அவுகளைத்தான் திட்டுவேன். ஆனா என் மகன் அந்தப் படத்தைக் கையில வச்சுக்கிட்டு என்னையப் பாக்குறான். 'அம்மா, அன்னைக்கு மட்டும் தாலியக் கழட்டிருந்தா…'ன்னான். 'எல்லாம் ஒன் உசுருக்காகத்தான்டா'ன்னேன். அவன் அழுதான். ஆம்பளப்புள்ள, அவுக அப்பா செத்தப்பக்கூட அப்படி அழுகல. நான் இன்னைக்கு வரைக்கும் யோசிச்சுப் பாக்குறேன், அதுல என் தப்பு என்னன்னு எனக்குத் தெரியல.

குழாய விட்டு எடுக்கப் பாத்தாக. சதை வளந்து திருகாணிய மூடிருச்சு, வரல. நெஞ்சைத் தெறந்து, கெட்டுப்போன வலது நுரையீரல்ல கீழ்த்துண்டை வெட்டி எடுத்துட்டாக. சம்பந்தி வீட்டு ஆளுக யாரும் எங்கூடப் பேசல. நானாத்தான் போனேன், ஆரஞ்சு வாங்கிக்கிட்டு. அவ எலும்பும் தோலுமாக் கெடந்தா. என்னையப் பாத்துட்டு, மூச்சு விட்டு விட்டு, 'அத்தே, திருகாணி கெடச்சிருச்சு. கழுவி வச்சிருக்காக, வாங்கிட்டுப் போங்க'ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு தாயி. பெரிய மனுசிகிட்டப் பேசுற பேச்சா அது? நர்ஸு ஒரு சின்ன டப்பாவுல போட்டுக் குடுத்துச்சு. வாங்கிட்டு வந்துட்டேன். தங்கத்தை வேண்டாம்னா சொல்றது? ஆனா வீட்டுக்கு வந்து அதை எங்க வைக்கிறதுன்னு தெரியல. ஒவ்வொரு எடமா வச்சு வச்சு எடுத்தேன். வச்ச எடத்துல எல்லாம் அது எனக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

மகன் வேலைய விட்டுட்டு மேலப்புதூருக்கே போயிட்டான். அங்க ஒரு கடையில நிக்கிறான். நானும் இவளும்தான் வீட்டுல. அவனும் பொறுத்துப் பாத்தான், அவ எந்திரிச்சு நடமாடட்டும்னு. இப்ப நடமாடுறாளாம். தண்ணிக்கொடம் தூக்கக் கூடாது, படி ஏறுனா மூச்சு வாங்கும், மத்தபடி நல்லா இருக்காளாம். அதனால புள்ளையக் கொண்டாங்கிறான். நியாயந்தான. பெத்தவகிட்டத்தான் புள்ள இருக்கணும், எனக்குத் தெரியாதா? ஆனா இவ என்னைய அம்மாங்கிறா. எங்கூட ஒட்டிக்கிட்டுத்தான் தூங்குவா, என் சேலை முந்தானையச் சுருட்டி வாயில வச்சுக்குவா. இன்னைக்கு ராத்திரி எதை வச்சுக்கிட்டுத் தூங்குவா? நான் எப்படித் தூங்குவேன்?

என்ன தம்பி? மேலப்புதூர் விலக்கா, அடுத்ததா? ஆமா, எறக்கி விடுங்க.

தாயி, நீ எனக்கு ஒரு ஒதவி செய்யணும். நீ தூத்துக்குடிதான போற? ஒரு நிமிசம் கீழ எறங்கி இவளைக் குடுத்துட்டு ஏறிரு. கண்டக்டர்ட்ட நான் சொல்லிக்கிறேன். நான் எறங்கல. முடியாது தாயி. எறங்கி அவ மூஞ்சியப் பாத்தேன்னா ஒண்ணு சண்டை போடுவேன், இல்லைன்னா இவளைத் தூக்கிக்கிட்டு ஓடிருவேன். என்னைய எனக்கு நல்லாத் தெரியும். நீயே குடுத்துரு. தோள்ல போட்டுக்க, முழிக்க மாட்டா. முழிச்சு அழுதா முதுகை மேல இருந்து கீழ தடவிக் குடுக்கச் சொல்லு, தட்டுனா இவளுக்குப் புடிக்காது. ரசஞ்சோறு நல்லாத் தின்பா. பேன் பாத்துவிட்டா உக்காந்துக்குவா. அத்தை எங்கன்னு அவ கேட்டா, ஒடம்பு முடியல, வரலைன்னு சொல்லிரு. கேக்க மாட்டா. கேட்டாச் சொல்லு.

இந்தா, புடி. தலையப் புடி. பையத் தோள்ல மாட்டிக்க. போ தாயி, போ.

எங்க நிப்பாட்டுறாரு இவரு? ஆளு அங்க நிக்குது, இம்புட்டுத் தூரம் தள்ளிக் கொண்டாந்து நிப்பாட்டுறாரே! அந்தா நிக்கிறா பாரு, கொட்டகைக்கு அடியில, பச்சைச் சேலை. அவதான். எம்புட்டு மெலிஞ்சு போயிட்டா. பாத்துட்டா, பஸ்ஸைப் பாத்துட்டா. ஐயோ, ஓடி வாரா தாயி. பஸ் போயிரும்னு ஓடி வாரா. ஏய் நாகஜோதி! ஓடாத! ஓடாதடி, நில்லு அங்கயே! காதுல விழல அவளுக்கு. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு ஓடி வாரா பாரு.

விசில் ஊதாத தம்பி, கையெடுத்துக் கும்பிடுறேன், பஸ்ஸ எடுத்துறாத. குடு தாயி, பாப்பாவை இங்க குடு. நான் எறங்குறேன். நானே போறேன் அவகிட்ட. அந்தப் புள்ளையால ஓட முடியாது.